அந்த நாவல் ஏன் என் கதையாகத் தெரிகிறது?

கேள்வி:

எனக்கு வயது 36. கல்லூரி நாட்களில் ஒரு நாவல் படித்தேன். ஒரு மகன் கீழ்த்தளத்தில் இருக்கிறான். அம்மா மாடியில் படுத்த படுக்கையாக இருக்கிறாள். ஒவ்வோர் இரவும் மாடிப்படியில் ஒரு படி கூடிக்கொண்டே போகிறது. முதல் அத்தியாயத்தில் 17 படிகள். நடுவில் ஓரிடத்தில், அவன் கொண்டுபோகும் வெந்நீர் மேலே போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுகிறது. கடைசியில் ஏறி முடிக்கவே அரை நாள் ஆகிறது. ஆனால் அம்மாவின் குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. வந்துபோகிற டாக்டரோ தபால்காரரோ படிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. புதிதாக முளைக்கும் ஒவ்வொரு படியிலும் யாரோ போட்டுத் தேய்ந்த ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவேன்.

என் வாழ்க்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என் அம்மா நன்றாக நடமாடுகிறார், வேறு ஊரில் இருக்கிறார், வாரம் இரண்டு முறை போனில் பேசிக்கொள்கிறோம். இருந்தும் இந்த நாவலை எத்தனை முறை படித்தாலும் என் கதையைத்தான் யாரோ எழுதிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. என்னைப் போலவே வேலைக்குப் போய்க் குடும்பத்தையும் பார்த்துக்கொள்கிற பெண்களைப் பற்றிய யதார்த்த நாவல்கள் எதுவும் இப்படி ஒட்டவில்லை. நண்பர் ஒருவர், "புரியாத எழுத்தில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், மேகத்தில் யானை தெரிவதுபோலத்தான்" என்கிறார். போதாக்குறைக்கு ஆசிரியரே ஒரு பேட்டியில், அலுவலக நடைமுறைகளைக் கேலி செய்து எழுதியது அது என்று சொல்லியிருக்கிறார். அதைப் படித்த பிறகு ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது. இத்தனை வருடம் நான் கண்டது பொய்யா? இல்லை, என் மனதில்தான் ஏதாவது கோளாறா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தீராமல் மற்றதில் உங்கள் மனம் போகாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு எதுவும் தெரியவில்லை. அந்த எழுத்தாளருக்கு உங்களைத் தெரியாது, உங்களை மனதில் வைத்து அவர் எழுதவில்லை என்பதில் உங்களுக்குக் குழப்பமே இல்லை. தெரிந்தும் ஏன் இப்படித் தோன்றுகிறது என்றுதான் வியக்கிறீர்கள். ஓர் உளவியல் ஆலோசகராக நான் முதலில் கவனிப்பது அந்த வியப்பைத்தான். தொடர்பில்லாத விஷயங்களிலெல்லாம் தனக்கான செய்தி ஒளிந்திருக்கிறது என்று ஒருவர் உறுதியாக நம்பத் தொடங்கும் நிலையைப் பற்றி ஜெர்மன் மனநல மருத்துவர் கிளாஸ் கொன்ராட் 1958-இல் விரிவாக எழுதினார். மனச்சிதைவு நோயின் தொடக்கத்தில் அது வருவதுண்டு. அங்கே வியப்பு இருக்காது, சந்தேகமும் இருக்காது. ஒரு புத்தகத்தோடு நிற்காது. சாலையில் போகும் வண்டியின் எண்ணிலும் டிவி செய்தியிலும் தனக்கான குறிப்பு தெரியும். தூக்கம் கெடும், பயம் கூடும். அப்படி ஆனால் மனநல மருத்துவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் அதன் சாயல்கூட இல்லை, அதனால் இதை இதோடு விட்டுவிடுவோம்.

விசித்திரமான கதையைப் படித்துவிட்டு விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டவர்களில் நீங்கள் முதல் ஆளும் இல்லை. 1917 ஏப்ரலில் பெர்லின் வாசகர் ஒருவர், 'உருமாற்றம்' கதையை எழுதிய ஃபிரான்ஸ் காஃப்காவுக்கே எழுதினார். அந்தக் கதையை உறவுக்காரப் பெண்ணுக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்தாராம். அவளுக்குப் புரியவில்லை, அவளுடைய அம்மாவுக்குப் புரியவில்லை, இன்னொரு உறவுக்காரப் பெண்ணிடம் புத்தகம் போயிற்று, அவளுக்கும் புரியவில்லை. குடும்பத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் இவர்தான் என்பதால் எல்லோரும் விளக்கம் கேட்டு இவரைப் பிடித்துக்கொண்டார்கள். போர்முனையில் மாதக்கணக்கில் ரஷ்யர்களோடு சண்டை போட்டபோதுகூட அசராதவன் நான், இந்தப் பெண்களிடம் மானம் போவதைத்தான் தாங்க முடியாது, அர்த்தத்தை நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த வாசகர் கடிதம் அது. அந்த மனிதர் புரியாததால் கதைக்கு வெளியே நின்றார். உங்கள் நிலைமை நேர் எதிர்: புரிவதற்கு முன்பே உள்ளே போய்விட்டீர்கள்.

உங்கள் நண்பர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, இது உங்களைப் பற்றிய முடிவு, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடுங்கள் என்றார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். பெரும்பாலும் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறவர் நீங்கள் என்ற மாதிரி. யாருக்குத்தான் பொருந்தாது? "என்னைப் பற்றியே எழுதியது" என்ற உணர்வு பொய்யாகவும் வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஆனால் அந்தத் தாளையும் உங்கள் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோதிட வரி எல்லோருக்கும் பொருந்துவதற்குக் காரணம், அதில் விவரமே கிடையாது. போதாததற்கு, கேட்க இனிமையாகவும் இருக்கும். உங்கள் நாவலில் விவரம் கொட்டிக் கிடக்கிறது. எத்தனை படி, ஏற எவ்வளவு நேரம், வெந்நீர் எந்த இடத்தில் ஆறியது, எல்லாம் இருக்கிறது. "நீ ஒருவரிடமிருந்து விலகிக்கொண்டிருக்கிறாய்" என்று அந்த நாவல் எங்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒட்டியிருக்காது என்றே நினைக்கிறேன். மேகத்தை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. அதில் யானை தெரிவதும் ஒட்டகம் தெரிவதும் பார்க்கிறவர் பாடு. படி கூடிக்கொண்டே போகும் இந்த வீட்டை யாராவது ஜாலியான பயணக் கதையாகப் படித்துவிட முடியுமா? முடியாது. நாவல் விடாது.

நடக்க முடியாதது சாதாரணமாக நடக்கும் இந்த மாதிரி மீயதார்த்த (சர்ரியல்) நாவல் என்றாலே தெளிவில்லாத எழுத்து என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நல்ல மீயதார்த்த நாவலில் தெளிவுக்குக் குறைவே இருக்காது. அதில் விடுபட்டுப்போவது காரணம் மட்டும்தான். என்ன நடக்கிறது என்பது அங்குலம் அங்குலமாக வரும்; ஏன் நடக்கிறது என்பது வரவே வராது. அந்த உறவுக்காரப் பெண்களைக் குழப்பிய காஃப்காவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரெகோர் சாம்சா காலையில் கண்விழிக்கும்போது பெரிய பூச்சியாக மாறிக் கிடக்கிறான். ஏன் என்பதற்குக் கடைசிவரை ஒரு வரி கிடையாது. ஆனால் நாலு மணிக்கு வைத்த அலாரம் அடித்ததா, இப்போது மணி ஆறரை ஆகிவிட்டதே, ஐந்து மணி ரயில் போய்விட்டதே, அடுத்தது ஏழு மணிக்குத்தானே என்ற கணக்கெல்லாம் சுத்தமாக இருக்கிறது. பூச்சியாகிப் போனதைவிட வேலைக்குத் தாமதமாவதுதான் அவனுக்குப் பெரிய கவலை. முதலில் நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வயிற்றை ஏதோ பிசைகிறது, ஏனென்றால் உடம்புக்கு முடியாமல் கிடந்த ஒரு காலையில் நாமும் லீவைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட்டிருப்போம்.

காரணம் இருக்க வேண்டிய அந்தக் காலி இடத்தில்தான் வாசகர் போய் உட்காருகிறார். யதார்த்த நாவலில் அந்த இடம் ஏற்கனவே நிரம்பியிருக்கும். மகளுக்கும் அம்மாவுக்கும் இடையில் தூரம் விழுந்தது என்று எழுதினால் ஏன் என்று சொல்லியாக வேண்டும்: சொத்துத் தகராறு, பிடிக்காத கல்யாணம், அண்ணனுக்குக் கொடுத்த சலுகை. சொன்ன உடனே நீங்கள் ஒப்பிட ஆரம்பித்துவிடுவீர்கள். எங்கள் வீட்டில் சொத்துத் தகராறு இல்லை, என் அம்மா அப்படிப்பட்டவர் இல்லை என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சின்ன மறுப்பு எழும். உங்களைப் போன்ற பெண்ணைப் பற்றிய நாவல் என்பதாலேயே வித்தியாசங்கள் இன்னும் கூர்மையாகத் தெரியும். யதார்த்த நாவலை நான் குறை சொல்லவில்லை. அதை எடுத்துப் படிப்பது பெரும்பாலும் இன்னொருவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளத்தான். அங்கே நீங்கள் விருந்தாளி, அது ஒரு குறையும் இல்லை.

எல்லாக் கதைகளிலும் வாசகர் நிரப்ப வேண்டிய இடைவெளிகள் உண்டு, வாசிப்பு நடப்பதே அவற்றில்தான் என்று ஜெர்மன் விமர்சகர் வோல்ஃப்காங் ஈசர் 1970-களில் எழுதினார். மற்ற கதைகளில் ஓரங்களில் இருக்கும் இடைவெளி மீயதார்த்த நாவலில் நட்டநடுவில் இருக்கிறது. அப்படி ஒன்று எதிர்ப்பட்டால் மனம் சும்மா இருப்பதில்லை. டிராவிஸ் புரூ, ஸ்டீவன் ஹைன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குக் காஃப்கா கதை ஒன்றைத் தழுவிய தாறுமாறான கதையும், இன்னொரு குழுவுக்கு ஒழுங்காகப் போகும் கதையும் கொடுத்தார்கள். பிறகு இரு குழுவுக்கும் எழுத்து வரிசைகளைக் காட்டி, அவற்றுக்குள் மறைந்திருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்தார்கள். தாறுமாறான கதையைப் படித்தவர்கள் அதிகமாகத் தேடினார்கள், சரியாகவும் கண்டுபிடித்தார்கள். ஒரே ஆய்வை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாது. ஆனாலும் நீங்கள் புத்தகத்தை மூடிவைத்த பிறகு உங்கள் வாழ்க்கையையே புரட்டிப் பார்க்கத் தொடங்குகிறீர்களே, அதற்கு இது பக்கத்தில் வருகிறது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த நாவலில் டாக்டரும் தபால்காரரும் படிகளைப் பற்றிப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வகை எழுத்தில் இது பழைய பழக்கம்: அதிசயம் நடக்கும், யாரும் அதிசயப்பட மாட்டார்கள். வெறும் உத்தி என்று இதைத் தாண்டிப் போய்விடலாம். ஆலோசனை அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அப்படிப் போக முடியவில்லை. இறப்பு, விவாகரத்து, வேலை போவது, இவற்றுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. ஊருக்குத் தெரியும், துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். பெயர் இல்லாதவைதான் சிக்கல். என்னிடம் வருகிறவர்கள் "பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால்..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த "ஆனால்" என்பதற்குப் பிறகு நீண்ட நேரம் வார்த்தை வராது. சண்டை இல்லை, துரோகம் இல்லை, எவரையும் குற்றம் சொல்ல முடியாது. தினமும் கொஞ்சம் தூரம் கூடியிருக்கிறது, சுற்றியிருக்கும் யாருக்கும் அது தெரியவில்லை. யாருக்கும் தெரியாததால், எனக்குத்தான் பிரமையோ என்ற சந்தேகமும் கூடவே வந்துவிடுகிறது. இதை வைத்து யதார்த்தமாக ஒரு காட்சி எழுதுவது மிகக் கடினம். எதைக் காட்டுவது? எல்லாம் வழக்கம்போலத்தானே இருக்கிறது. மீயதார்த்த எழுத்தாளர் இரவில் ஒரு படி கூடியது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பேசாமல் போகும் தபால்காரரையும் எழுதிவிட்டார் என்றால், உங்கள் அனுபவத்தின் இரண்டாம் பாதியும் வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கொஞ்சம் நின்றேன். அம்மா வேறு ஊரில் இருக்கிறார், வாரம் இரண்டு முறை போனில் பேசுகிறீர்கள். நாவலில் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. இதற்குமேல் நான் போகப் போவதில்லை. போனால் உங்கள் நாவலை உங்களுக்குப் பதிலாக நான் படித்ததாகிவிடும். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு ஒருவருக்கும் அவருடைய அம்மாவுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்வது என் தொழிலுக்கு அழகும் இல்லை. அம்மாவோடு இதற்குச் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். மாடியில் இருப்பது பழைய சிநேகிதியாக இருக்கலாம், ஒரு காலத்தில் உயிராக இருந்து இப்போது தொடக்கூட நேரமில்லாத ஒரு வேலையாக இருக்கலாம். எது என்று உடனே தெரிந்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை.

சம்பவம் பொருந்தாமல் உணர்ச்சி மட்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். கனவில் அதுதான் தினமும் நடக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன் கனவுகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். தீவிபத்து போன்ற கொடிய அனுபவத்திலிருந்து தப்பியவர்கள் பல சமயம் கனவில் அந்தத் தீயைக் காண்பதில்லை; கரையில் நிற்கும்போது பேரலை ஒன்று வந்து தங்களை அடித்துக்கொண்டு போவதாகக் காண்கிறார்கள் என்று அவர் கவனித்தார். நடந்ததைக் கனவு நகலெடுப்பதில்லை, மேலோங்கி நிற்கும் உணர்ச்சிக்கு ஒரு படம் தேடுகிறது என்பது அவர் விளக்கம். தீயில் சிக்கியவருக்கும் கடன் கழுத்தை நெரிக்கிறவருக்கும் அதே அலை வரலாம். 1924-இல் சர்ரியலிசத்தின் முதல் அறிக்கையை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோன் கனவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார், கனவுகளுக்கு விளக்கம் எழுதிய மருத்துவர் ஃபிராய்டைப் படித்த தாக்கம் அதில் தெரியும். ஆக, இந்த வகை நாவலுக்குக் கனவின் இலக்கணம் வம்சாவளியிலேயே இருக்கிறது. சம்பவத்தைக் கழற்றிவிட்டு உணர்ச்சியின் வடிவத்தை மட்டும் அது வைத்துக்கொள்ளும். அந்த வடிவத்துக்குள் எழுத்தாளரின் அலுவலகமும் போகும், உங்கள் வாழ்க்கையில் இருக்கும் ஏதோ ஒன்றும் போகும்.

ஆனால் நாவல் உங்கள் கனவு இல்லை. இன்னொருவர் விழித்திருந்து, அடித்துத் திருத்தி எழுதியது. அதனால் உங்களுக்கு ஒத்துவராத பகுதிகளும் அதில் இருந்தே தீரும். அவற்றை நாம் என்ன செய்கிறோம் என்பதற்குக் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் செய்த சோதனை நல்ல உதாரணம். நினைவைப் பற்றி 1932-இல் அவர் வெளியிட்ட நூலில் அது இருக்கிறது. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை, ஆவிகளின் போர் என்பது அதன் பெயர், ஆங்கிலேய வாசகர்களுக்குப் படிக்கக் கொடுத்தார். அடிபட்டவனுக்கு வலியே இல்லை, கூட வந்தவர்கள் ஆவிகள் என்கிறான், விடியும்போது அவன் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளியே வருகிறது, செத்துப்போகிறான். பிறகு நினைவிலிருந்து அதை எழுதச் சொன்னார், நாள் கழித்து மறுபடியும் எழுதச் சொன்னார். அவர்களுக்குப் பழக்கமில்லாத மரத்தோணி சாதாரணப் படகாயிற்று. சீல் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. ஆவிகள் மங்கி, சிலர் எழுதியதில் காணாமலே போயின. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தங்களுக்குப் பொருந்தாததை மனம் சத்தமில்லாமல் வழித்துவிட்டது.

இப்போது செருப்புகளுக்கு வருவோம். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவேன் என்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பயனுள்ள வரி அதுதான். மற்ற இடங்களிலெல்லாம் நாவல் உங்கள் சொல்பேச்சுக் கேட்கிறது, அங்கே மட்டும் கேட்கவில்லை. நீங்கள் கண்டது பொய்யா என்ற கேள்வியை எழுத்தாளரின் பேட்டியில் வைத்துப் பார்க்காதீர்கள், இந்தப் பக்கங்களில் வைத்துப் பாருங்கள். படி புதிது, செருப்பு பழையது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் யார் போட்டுத் தேய்ந்தது? இந்தப் படியில் இவனுக்கு முன் யாராவது ஏறினார்களா? கழற்றி வைத்துவிட்டு மேலே போனார்களா, திரும்பி இறங்கினார்களா? உங்கள் வாசிப்பு இதையும் சேர்த்துத் தாங்கினால் அது வெறும் பிரமை இல்லை. தாங்காவிட்டால் வாசிப்பு கொஞ்சம் மாறும், அதிலும் நஷ்டம் ஒன்றும் இல்லை. நாம் கொண்டுபோனதை மட்டுமே திருப்பிக் கொடுக்கும் புத்தகம் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்காது என்பது என் எண்ணம்.

பேட்டி விஷயம். எழுத்தாளர் பொய் சொல்லவில்லை. எதிலிருந்து தொடங்கினார் என்று சொல்கிறார். கோப்பு ஒவ்வொரு மேசையாக ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து எரிச்சலில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அலுவலகத்தைக் கேலி செய்ய உட்கார்ந்தவர், படிகளின் உச்சியில் ஓர் அதிகாரியை வைத்திருக்கலாமே. படுத்த படுக்கையாக இருக்கும் ஓர் அம்மாவையல்லவா வைத்தார். கேலிக்கு அந்த வெந்நீர் எதற்கு? எழுதத் தொடங்கிய காரணமும் எழுதி முடித்த நாவலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பேட்டி கொடுப்பவர் பெரும்பாலும் முதலாவதைத்தான் நினைவில் வைத்திருப்பார், கேள்வி கேட்பவருக்கும் சுருக்கமான பதில்தான் வேண்டும்.

காஃப்கா இதில் கெட்டிக்காரர். 1915-இல் 'உருமாற்றம்' புத்தகமாக வரப்போகிறது என்றபோது, அட்டைப்படத்துக்கு ஓவியர் பூச்சியை வரைந்துவிடுவாரோ என்று பயந்து பதிப்பகத்துக்கு எழுதினார். பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் தெரிவதாகக்கூட வேண்டாம் என்றார். கடைசியில் அட்டையில் வந்தது, பாதி திறந்த ஒரு கதவும், முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அதைவிட்டு விலகும் ஒரு மனிதனும்தான். பல வருடங்களுக்குப் பிறகு எழுத்தாளர் விளதிமிர் நபக்கோவ், தானே பூச்சிகளை ஆராய்ந்தவர் என்பதால், அது கரப்பான் கிடையாது, ஒரு வகை வண்டு என்று வகுப்பில் படம் வரைந்து வாதாடினார். வாசகருக்கு அந்த உரிமை உண்டு. உங்களுக்கும்தான். காஃப்கா காலியாக விட்ட இடத்தை உங்கள் எழுத்தாளர் பேட்டியில் நிரப்பிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். பேட்டியை இன்னொரு வாசகரின் கருத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடுதல் தகவல் தெரிந்த வாசகர்.

வயதையும் சொல்ல வேண்டும். முப்பது வயதுக்குள், குறிப்பாகப் பதின்பருவத்திலும் இருபதுகளிலும் நடந்தவை பிற்காலத்தில் மற்ற வருடங்களைவிட அதிகமாக நினைவில் நிற்கின்றன என்று நினைவு பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. பிடித்த புத்தகம், படம், பாட்டு என்று கேட்டாலும் அந்த வருடங்களைச் சேர்ந்தவைதான் அதிகம் வருகின்றன. நீங்கள் படித்தது சரியாக அந்தக் காலத்தில். ஆகவே இப்போது புத்தகத்தைத் திறக்கும்போது நாவல் மட்டும் திறப்பதில்லை, அதை முதலில் படித்த பெண்ணும் கூடவே வருகிறாள். உங்களுக்குத் தோன்றும் நெருக்கத்தில் ஒரு பங்கு அவளோடு உள்ள நெருக்கம். எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை.

சரி, இனி என்ன செய்வது? அடுத்த முறை படிக்கும்போது பென்சில் ஒன்றை வைத்துக்கொண்டு, படிக்கும் வேகம் தானாகக் குறையும் இடங்களில் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடுங்கள். விளக்கம் எழுத வேண்டாம். படிகள் என்றால் காலம், அம்மா என்றால் கடந்தகாலம் என்று அகராதி போடுகிற பழக்கம் இந்த வகை நாவலுக்கு விஷம்; போட்ட அன்றே புத்தகம் செத்துவிடும். முழுதும் முடித்த பிறகு கோடு போட்ட இடங்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். அவற்றில் என்ன நடக்கிறது என்று முதலில் எழுதுங்கள், படிக்கும்போது உடம்பில் என்ன உணர்ந்தீர்கள் என்று அப்புறம் எழுதுங்கள். உங்கள் வாழ்க்கையை மூன்றாவதாகக் கொண்டுவாருங்கள், வந்தால். வராவிட்டால் இழுக்க வேண்டாம். செருப்பு வரும் பக்கங்களை மட்டும் ஒரு தடவை வாய்விட்டு மெதுவாகப் படியுங்கள்.

அப்படிப் படிக்கும்போது நிஜ வாழ்க்கையில் ஒருவரின் பெயர் வந்து நின்று, அது கனத்து, நாள் கணக்கில் போகாமல் இருந்தால், நாவலிடமே அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். அந்த மனிதரிடமோ ஓர் ஆலோசகரிடமோ பேசுங்கள். கனத்தைக் காட்டிக்கொடுக்க நாவலுக்குத் தெரியும், இறக்கி வைக்க அதற்குக் கை கிடையாது.

நண்பரிடம் வாதாடி ஜெயிக்கப் பார்க்க வேண்டாம். உங்களுக்குத் தோன்றிய அர்த்தத்தைச் சொன்னால், அவர் அதைத்தான் மேகத்து யானை என்பார். அர்த்தமாகச் சொல்லும்போது எனக்கே அப்படித்தான் கேட்கும். வெந்நீர் ஆறிப்போகும் அந்த அத்தியாயத்தை மட்டும் கையில் கொடுங்கள். படித்து முடித்ததும் புரிந்ததா என்று கேட்காமல், எந்த இடத்தில் வேகம் குறைந்தது என்று கேளுங்கள். ஏதாவது ஒரு வரியைச் சொன்னார் என்றால் பேச்சு அங்கிருந்து தானாக நடக்கும். எங்கேயும் குறையவில்லை என்றால், சரி, அது அவருக்கான புத்தகம் இல்லை. அவரை அப்படி நிறுத்திய புத்தகம் எது என்று கேட்டு வாங்கிப் படியுங்கள்.